ஷாங்காய்க்கு வெளியே ஒரு ராத்திரி: ஊரிலிருந்து வரும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

ஷாங்காயில் குடியேறிய நாளிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு செட் நண்பர்கள் வந்து போகிறார்கள். முதல் இரண்டு நாள் ஆற்றங்கரை, வானுயர்ந்த கோபுரங்கள், நான்ஜிங் சாலை என்று ஓடிவிடும். மூன்றாம் நாள் காலைக் காப்பியோடு அந்தக் கேள்வி வரும்: "மச்சான், இங்கேயே சுத்தணுமா, பக்கத்துல எங்கேயாவது போலாமா?" அதற்கப்புறம் வருகிற கேள்விகளும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். ஊர்ப் பெயர்களைச் சீனர்கள் சொல்வதற்குப் பக்கமாக எழுதியிருக்கிறேன். சூஜோ, ஹாங்ஜோ இரண்டையும் ஆங்கிலப் பலகைகளில் பார்த்தால் 'சுசௌ', 'ஹாங்சௌ' என்று படிக்கத் தோன்றும். ஊர் அதே ஊர்தான்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு பகல், ஒரு ராத்திரி. காலையில் போய் மாலையில் திரும்பலாம், ரயில் அவ்வளவு வேகம். ஆனால் ஷாங்காய்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். பத்து மணிக்கு அவர்களோடு நுழைந்து, நாலு மணிக்கு அவர்களோடு வெளியேறினால் நீங்கள் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகைத்தான். சாயங்காலம் ஐந்தரை ஆறுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியபின் வாய்க்கால் ஓரத்து ஊர்கள் மூச்சுவிடும். மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து நடந்தால், படித்துறையில் காய்கறி கழுவுகிற பாட்டியைக்கூடப் பார்க்கலாம். நான் ஒரு ராத்திரி தங்கச் சொல்வது இந்த இரண்டு வேளைக்காகத்தான்.

முடிந்தால் ஞாயிறு மதியம் கிளம்பித் திங்கள் ராத்திரி திரும்புங்கள். எனக்கு ஒரு நாள் லீவு போகும், பரவாயில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தைவிட அது மேல்.

சூஜோ, ஹாங்ஜோ, வூஜென் மூன்றையும் இரண்டு நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். ஒருமுறை முடித்தோம். ஊருக்குத் திரும்பிய நண்பன் புகைப்படங்களை அனுப்பி, "இந்தப் பாலம் எந்த ஊர்ல?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஒரு ஊர் போதும்.

சரி, எந்த ஊர்?

வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்தது.

நடக்கவும், நின்று பார்க்கவும் பிடித்தவர்கள் என்றால் சூஜோ. அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். பழைய தோட்டங்கள் யுனெஸ்கோ பட்டியலில் 1997இல் ஏறின, 2000இல் இன்னும் சில சேர்ந்தன. தோட்டம் என்றதும் பூச்செடிகளை நினைக்க வேண்டாம். பாறை, குளம், மண்டபம், சுவரில் வெட்டிய ஜன்னல் எல்லாம் சேர்ந்து, நாலு அடி நடந்தால் காட்சி மாறும்படி அமைத்த வீடுகள் அவை. எல்லாவற்றிலும் பெரிய பெயர் ஜுவோஜெங் தோட்டத்துக்கு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பதவி போதும் என்று ஊர் திரும்பிய ஒரு மிங் காலத்து அதிகாரி அமைத்தது. அவர் மகன் ஒரே ராத்திரியில் சூதாடி அதைத் தோற்றான் என்று கதை சொல்வார்கள். அந்தக் கதைக்காகவே நண்பர்களைக் கூட்டிப் போவேன். ஆனால் எனக்குப் பிடித்தது வாங்ஷி தோட்டம். வலை வீசுகிறவனின் தோட்டம் என்று பொருள். மிகச் சிறியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சீன முற்றம் இதிலுள்ள ஒரு முற்றத்தைப் பார்த்துக் கட்டியதுதான். ஐ. எம். பெய் வடிவமைத்து 2006இல் திறந்த சூஜோ அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவு வேண்டும். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு–திங்கள் போகிறவர்கள் அதை ஞாயிறே பார்த்துவிடுங்கள்.

தண்ணீரும் மலையும் கோயிலும் வேண்டுமென்றால் ஹாங்ஜோ. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேற்கு ஏரியைச் சுற்றி நடக்கக் கட்டணம் இல்லை. உங்கள் பையில் ஒரு யுவான் நோட்டு இருந்தால் பின்பக்கம் பாருங்கள், அங்கே இருப்பது இந்த ஏரிதான். தண்ணீருக்குள் நிற்கும் அந்தச் சிறு கல் கோபுரங்களைப் படகில் போய்ப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஏரிக்குக் குறுக்கே போகும் நீண்ட கரை, கவிஞர் சூ டோங்போ 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆளுநராக இருந்தபோது போட்டது. ஏரியைத் தூர்வாரினார், அள்ளிய சேற்றைக் கொண்டே கரை போட்டார். இதை நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால் வேறு விளக்கமே தேவைப்படாது. லெய்ஃபெங் கோபுரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பழைய கோபுரம் 1924இல் இடிந்து விழுந்துவிட்டது. இப்போது நிற்பது 2002இல் கட்டியது, ஏறுவதற்கு எஸ்கலேட்டரே இருக்கிறது. பழமையைத் தேடி வந்த நண்பர் ஒருவர் அந்த எஸ்கலேட்டரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். மேலே போனபின் காட்சியைப் பார்த்துச் சமாதானமானார்.

ஒன்றும் பார்க்க வேண்டாம், உட்கார்ந்து பேசினால் போதும் என்கிற கூட்டத்துக்கு மோகான்ஷான். கல்லூரி நண்பர்கள் பெரும்பாலும் இந்த வகை. ஹாங்ஜோவுக்கு வடக்கே, மூங்கில் மூடிய மலை. உயரம் 700 மீட்டரை ஒட்டித்தான், அதனால் கொடைக்கானல் அளவுக்குக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஷாங்காய் வெயிலுக்குத் தப்பி வந்த வெளிநாட்டவர்கள் கட்டிய கல் பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. வாள் வார்த்த கணவன் கான்ஜியாங், மனைவி மோயே இருவரின் பெயரையும் சேர்த்து மலைக்குப் பெயர் வந்தது என்பது ஐதீகம். டெசிங் வரை அதிவேக ரயில், அங்கிருந்து கார். மலையடிவாரக் கிராமங்களில் முழு வீட்டையே வாடகைக்கு எடுக்கலாம்.

வூஜென் ஒரு வாய்க்கால் ஊர், அதன் மேற்குப் பகுதி ராத்திரி விளக்கொளியில் ரொம்ப அழகு. அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு முழுவதையும் சுற்றுலாவுக்காகச் சீரமைத்தார்கள். எனக்கு நாடக மேடைக்குள் நடப்பது போல இருக்கும். சில நண்பர்களுக்கு அதுதான் பிடித்தது.

ராத்திரி தங்கவே முடியாது, அரை நாள்தான் இருக்கிறது என்றால்?

மெட்ரோ 17ஆம் தடத்தில் ஏறி ஜூஜியாஜியாவ் என்ற வாய்க்கால் ஊருக்குப் போங்கள். ஷாங்காய் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஐந்து வளைவுகள் கொண்ட ஃபாங்ஷெங் பாலம் 1571இல் முதலில் கட்டியது. பாலத்தின் பெயருக்கு உயிரை விடுவிப்பது என்று பொருள். மீன்களை வாங்கிப் புண்ணியத்துக்காகத் தண்ணீரில் விடுவார்கள்.

விசா?

பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் விசா எடுத்துத்தான் வர வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் 240 மணி நேரம் வரை தங்கப் பல நாட்டவர்களுக்கு இருக்கும் சலுகையில் இந்தியா இல்லை, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்குக் கவலையில்லை, 30 நாள் வரை விசா வேண்டாம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் சில வருஷங்களாக இந்தச் சலுகை இருக்கிறது, ஆனால் அது கெடு வைத்து நீட்டிக்கப்படுவது. கிளம்பும்முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரிப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எதற்கு? வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிடட்டுமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பாஸ்போர்ட்தான் உங்கள் ரயில் டிக்கெட். விடுதியில் அறை கொடுப்பதும், தோட்டத்திலும் அருங்காட்சியகத்திலும் உள்ளே விடுவதும் அதைப் பார்த்துத்தான். ஃபோனில் இருக்கும் படம் உதவாது. எனக்கு ஒரு நண்பரின் பாஸ்போர்ட்டுக்காக ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் டாக்சியில் பறந்த அனுபவம் இருக்கிறது, இரண்டாவது தடவை தேவையில்லை.

ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது?

நீங்கள் எடுக்க வேண்டாம், பாஸ்போர்ட் எண்ணையும் அதில் இருக்கிறபடியே பெயரையும் எனக்கு அனுப்புங்கள். நம்மவர்களின் பெயரில் இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் கலந்து வரும், ஆகவே தட்டச்சு செய்யாமல் பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்பிவிடுங்கள். நீங்களே எடுக்க விரும்பினால் ரயில்வேயின் 12306 செயலியில் ஆங்கிலம் உண்டு, டிரிப்.காமிலும் எடுக்கலாம். வழக்கமாக 15 நாள் முன்னால் விற்பனை திறக்கும்.

ஸ்டேஷன் பெயரை இரண்டு தடவை படியுங்கள். ஷாங்காய் ஸ்டேஷன் வேறு, ஷாங்காய் ஹோங்சியாவ் வேறு. சூஜோவுக்கும் சூஜோ வடக்குக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது. பழைய ஊருக்குப் பக்கம் முதலாவதுதான். ஹாங்ஜோவில் கிழக்கு, மேற்கு என்று வேறு வேறு. ஒருமுறை நான் வெறுமனே "ஷாங்காய் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க" என்று செய்தி போட்டேன், அவர்களும் சொன்ன சொல் தவறாமல் அங்கேயே போய் நின்றார்கள். வண்டி ஹோங்சியாவிலிருந்து. தவறு முழுக்க என்னுடையது. நல்லவேளை, வண்டியைத் தவறவிட்டாலும் அதே நாளில் இடமிருக்கும் வேறு வண்டிக்கு டிக்கெட்டை மாற்றிக்கொள்ள முடியும்.

ஹோங்சியாவ் ஒரு விமான நிலையம் அளவுக்குப் பெரியது. ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள். நுழையும்போதே பையைச் சோதிப்பார்கள். பழம் வெட்டும் கத்தி என்று நீங்கள் நினைப்பதை அவர்கள் வெறும் கத்தி என்று நினைப்பார்கள். வண்டி கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே வாசலை மூடிவிடுவார்கள். "பிளாட்ஃபாரத்துல ஓடி ஏறிக்கலாம்" என்ற நம் வித்தை இங்கே செல்லாது. தானியங்கி வாசல் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்கவில்லை என்றால் பதற வேண்டாம், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள்.

எங்கே தங்குவது?

வெளிநாட்டவர்கள் தங்கி விமர்சனம் எழுதியிருக்கும் விடுதியாகப் பாருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்ற காரணத்துக்காக விடுதிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024இல் அரசே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் சிறு கிராமத்து விடுதிக்காரருக்கு உங்கள் விவரத்தைப் போலீஸ் பதிவில் ஏற்றத் தெரியாமல் போகலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் வாசலில் நிற்க, அந்த அம்மா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து வழி கேட்டுக்கொண்டே எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. டீ நன்றாக இருந்தது என்றாலும், இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிடுகிறேன்.

உன் வீட்டில் தங்கினால் போலீசில் பதிய வேண்டுமாமே?

ஆமாம். விடுதி என்றால் அவர்களே செய்வார்கள், வீடு என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் நாம் பதிய வேண்டும். விட்டால் 2,000 யுவான் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. வெளியூரில் ஒரு ராத்திரி தங்கித் திரும்பி வந்தபின் மறுபடி பதிய வேண்டுமா என்று உள்ளூர் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்காமல் பதிந்துவிடுவேன். பத்து நிமிட வேலை.

பணம் எப்படிக் கொடுப்பது? கார்டு போதுமா?

கார்டைத் தேய்க்கும் இடம் குறைவு. இளநீர்க்காரர் மாதிரியான தள்ளுவண்டிக்காரர்கூட க்யூஆர் அட்டைதான் மாட்டியிருப்பார். ஊரிலேயே அலிபே செயலியை இறக்கி, பாஸ்போர்ட்டைப் பதிந்து, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். வங்கியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். ஓடிபி வரும் சிம் ஃபோனிலேயே இருக்க வேண்டும். இங்கே வந்தபின் ஓடிபி வராமல் தவித்தவர்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. கையில் சில நூறு யுவான் நோட்டாகவும் இருக்கட்டும்.

வாட்ஸாப், கூகுள் மேப்?

இந்த ஊர் இணையத்தில் இரண்டும் ஓடாது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் ஓடும், ஆனால் விடுதி வைஃபையில் சேர்ந்த உடனே நின்றுவிடும். வழி பார்க்க ஆமாப். டாக்சிக்கு அலிபேக்குள்ளேயே இருக்கும் டிடி. எதற்கும் என் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பயப்படும் அளவுக்கு இல்லை, நம்பும் அளவுக்கும் இல்லை. பிரச்சினை இறைச்சித் துண்டு அல்ல, அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது, கத்தரிக்காயில் கொத்துக்கறியைத் தூவுவது, சூப்பில் கோழிப்பொடி போடுவது இவைதான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால், இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். "வோ ச்சி சூ" என்று சொல்லுங்கள்: நான் சைவம் சாப்பிடுகிறவன். கோயில் வழக்கத்தால் இந்தச் சொல் எல்லோருக்கும் புரியும். இதையே சீன எழுத்தில், முட்டை, மீன், கோழிப்பொடி, கொழுப்பு வேண்டாம் என்ற விவரத்தோடு எழுதி அனுப்புகிறேன், ஃபோனில் வைத்துக் காட்டுங்கள்.

கோயில்களைத் தேடிப் போவது இன்னும் நல்லது. சூஜோவின் சீயுவான் கோயிலில் கொடுக்கும் சைவ நூடுல்ஸுக்காகவே உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஹாங்ஜோவில் லிங்யின் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள் உண்டு. பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்காது, எங்கள் பாட்டி வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வசந்த காலம் என்றால் மூங்கில் குருத்தைத் தவறவிடாதீர்கள். காலையில் விடுதியில் வெறும் அரிசிக்கஞ்சி எப்போதும் கிடைக்கும், அதற்கு ஊறுகாயும் அவர்களே வைப்பார்கள். ரயில் பெட்டியில் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. பாக்கெட் உப்புமா கொண்டுவந்தவர்கள் ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுத்துக்கொண்டால் போதும்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அப்புறம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. ஜூன் நடுவில் 'பிளம் மழை' தொடங்கும். மூன்று நான்கு வாரம் துணி காயாது. ஜூலை, ஆகஸ்ட் சென்னை மே மாதத்தைப் போல. குளிர்காலத்தில் பனி கொட்டுவது அபூர்வம், ஆனால் ஈரக் குளிர். யாங்சிக்குத் தெற்கே வடக்கு நகரங்களைப் போல வீடுகளுக்கு மையச் சூடேற்றம் கிடையாது. வெளியே இருக்கும் குளிர் அறைக்குள்ளும் இருக்கும்.

வரவே கூடாத நாட்கள்?

அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சீனப் புத்தாண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங், முன்னோர் கல்லறையைக் கூட்டிப் படைக்கும் நாள், அதை ஒட்டியும் வேண்டாம். அந்த நாட்களில் மேற்கு ஏரியின் பாலத்தில் நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் மறுகரையில் விடும்.

அப்பா அம்மாவும் குழந்தையும் வருகிறார்கள்.

சூஜோ. சமதளம், தோட்டங்களில் உட்கார இடம் உண்டு. மோகான்ஷானின் படிகள் முழங்காலுக்கு ஆகாது. பல இடங்களில் மூத்தோருக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும், பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். ரயிலில் 6 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை பெரியவரோடு இலவசம், ஆனால் தனி இருக்கை இல்லை. 6 முதல் 14 வயதுக்குள் சலுகைக் கட்டணம்.

கழிப்பறை?

சுத்தமாகத்தான் இருக்கும். உட்காரும் வகையைவிடக் குந்தும் வகை அதிகம். காகிதம் இருக்கும் என்று நம்பாதீர்கள், தண்ணீர்க் குழாயை நினைக்கவே நினைக்காதீர்கள். காலித் தண்ணீர் பாட்டிலின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு செலவாகும்?

ஒரு யுவானை 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூஜோவுக்கு இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் ஒரு வழிக்குச் சுமார் 40 யுவான், ஹாங்ஜோவுக்கு நூறுக்குள். வார நாட்களில் சுமாரான நல்ல அறையை நான் 300 முதல் 500 யுவானுக்குள் பிடித்துவிடுகிறேன், மோகான்ஷானில் அதைவிடக் கூட. செலவை ஏற்றுவது அறையோ ரயிலோ அல்ல, லோங்ஜிங் தேயிலைக் கடைகள். சிங்மிங்குக்கு முன் பறித்த கொழுந்து என்று சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சுவைத்துப் பாருங்கள், உடனே வாங்காதீர்கள்.

அந்தப் பக்கம் நம் ஊர்த் தடம் ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வி வராமல் ஒரு தமிழ்க் கூட்டமும் போனதில்லை. ஹாங்ஜோவின் லிங்யின் கோயிலை 4ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி என்பது மரபு. சீனர்கள் அவரை ஹுய்லி என்கிறார்கள். கோயிலுக்கு எதிரே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக் குன்றைப் பார்த்து, "இது எங்கள் ஊர்க் குன்றாயிற்றே, எப்போது பறந்து வந்தது?" என்று அவர் கேட்டாராம். அதனால் அதற்குப் பறந்து வந்த சிகரம், ஃபெய்லாய் ஃபெங், என்று பெயர். பாறை முழுக்கச் செதுக்கிய புத்தர்கள். ஊரை விட்டு வந்து வருஷக்கணக்கில் இங்கே இருக்கிற எனக்கு அந்தத் துறவியின் மனநிலை நன்றாகவே புரியும். சாலையோரப் பாறை ஒன்றைப் பார்த்துச் செஞ்சி என்று நான் சொன்னதுண்டு.

தமிழ் எழுத்தே வேண்டுமென்றால் தெற்கே ஃபூஜியன் மாகாணத்து சுவான்ஜோ போக வேண்டும். குப்லாய் கான் காலத்தில், 1281இல், அங்கே இருந்த தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்காகப் பொறித்த கல்வெட்டு கிடைத்தது அந்த ஊரில்தான். ஆனால் அது ஒரு ராத்திரியில் ஆகாது. அதற்கென்று தனியாக நாலு நாள் லீவோடு வாருங்கள், நானும் வருகிறேன்.

உனக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுவர?

பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, விதை, இறைச்சி, பால் பொருள் எதுவும் சுங்கத்தில் விடமாட்டார்கள். அதனால் பால்கோவாவை விமானத்தில் ஏறும்முன் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், நன்றாக மூடிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். காப்பிப் பொடி அரைக் கிலோ. சிக்கரி கலக்காதது.